தங்க ஊரா, ஈயச் சுரங்கமா? காராக்கிலிருந்து ஒருநாள் பயணத்துக்கு ஓர் ஒப்பீடு

மலேசியாவின் பகாங் மாநிலத்துக் காராக்கில் பஸ் எடுத்து ஒருநாள் எங்காவது போகலாம் என்று பேச்செடுத்தால் கேமரன் மலை, பத்துமலை, போர்ட்டிக்சன் என்ற மூன்றைத் தாண்டுவது அபூர்வம். இந்த முறை பழைய தோட்டத்துக் குடும்பங்கள் கூடிப் பேசியபோது பெரியவர் ஒருவர், “பக்கத்துல தங்கம் தோண்டுன ஊர வச்சிக்கிட்டு, ஸ்ட்ராபெரி பார்க்க எதுக்குய்யா மலை ஏறணும்?” என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான், பேச்சு சூடுபிடித்துவிட்டது. ஒரு கட்சி ரவூப் என்றது. சுரங்கம் என்றால் உள்ளே இறங்க வேண்டாமா, சுங்கை லெம்பிங் போவோம் என்றது இன்னொரு கட்சி. ஈப்போவில் சம்பந்தம் செய்தவர்கள் கின்தா பக்கம் இழுத்தார்கள்.

வழக்கம்போல எல்லாரும் தூரத்தையும் பஸ் வாடகையையும் வைத்துக் கணக்குப் போட்டார்கள். அது தேவைதான். ஆனால் பழைய சுரங்க ஊர்களைப் பொறுத்தவரை அதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: அங்கே கண்ணால் பார்க்க என்ன மிச்சம் இருக்கிறது? சில ஊர்களில் சுரங்கமே திறந்து கிடக்கிறது. டிக்கெட் வாங்கினால் போதும், மீதியை இடமே பார்த்துக்கொள்ளும். சில ஊர்களில் மிச்சமெல்லாம் மண்ணுக்கடியில். அங்கே சொல்லத் தெரிந்த ஒரு ஆள் கூட வராவிட்டால் போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது. ரவூப் இந்த இரண்டாம் வகை. அதனால்தான் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

காராக்கிலிருந்து பெந்தோங் வழியாக ரவூப் போக ஒன்றரை மணி நேரம் தாராளமாகப் போதும். இருக்கிற எல்லா இடங்களிலும் இதுதான் பக்கம். 1889-இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்திலிருந்து வந்த வில்லியம் பிப்பி என்பவர் இங்கே தங்கம் எடுக்க உரிமை வாங்கினார். அவர் ஆரம்பித்ததுதான் பின்னால் ரவூப் ஆஸ்திரேலியத் தங்கச் சுரங்க கம்பெனி ஆனது. புக்கிட் கோமான் என்ற கிராமத்தைச் சுற்றித்தான் பெரிய வேலையெல்லாம். ஆற்று மணலை அரித்துப் பொன் துகள் எடுப்பது பகாங்கில் அதற்கு முன்பே இருந்த தொழில். இவர்கள் செய்தது வேறு: பாறைக்குள் ஓடும் வெள்ளைக்கல் நரம்பைத் தொடர்ந்து கீழே கீழே இறங்கி, கல்லை மேலே கொண்டுவந்து, நொறுக்கி, அதிலிருந்து தங்கத்தைப் பிரிப்பது. இடையில் ஜப்பான் காலம் வந்தது, அவசரகாலம் வந்தது. எல்லாவற்றையும் தாண்டி 1960-களின் தொடக்கம் வரை அந்தச் சுரங்கம் ஓடியது.

ஆழம் கூடினால் தண்ணீர் ஊறும். ஊறுகிற தண்ணீரை இரவும் பகலும் இறைக்காவிட்டால் சுரங்கம் கிணறாகிவிடும். நீராவி இயந்திரத்தை நம்பினால் அதற்கு விறகு வெட்டி மாளாது. அதனால் கம்பெனி செம்பாம் ஆற்றைப் பிடித்தது. 1900-இல் அந்த ஆற்றில் கட்டியதுதான் மலாயாவின் முதல் நீர்மின் நிலையம். நம் ஆட்களுக்கு இந்த இடத்தில் ஒரு துணைக்கதை சொல்லியே ஆக வேண்டும். இதற்கு ஆறு வருடம் முன்னால், 1894-இல், ரவாங்கில் ஈயச் (டின் என்கிற வெள்ளீயச்) சுரங்கத் தண்ணீரை இறைக்க மின்சார ஜெனரேட்டரைக் கொண்டுவந்தவர்கள் சீனத் தொழிலதிபர் லோக் இயூவும் நம் கே. தம்புசாமிப் பிள்ளையும். இந்த நாட்டில் மின்சாரம் முதலில் வந்தது சுரங்கத் தண்ணீரை இறைக்கத்தான், தெருவிளக்கெல்லாம் அப்புறம். இந்தியாவில் கோலார் தங்கவயலிலும் இதே கதைதான். வட ஆர்க்காட்டுப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கிய அந்தச் சுரங்கத்துக்கு 1902-இல் சிவனசமுத்திரத்து அருவியிலிருந்து மின்சாரம் போனது. ரவூப் இரண்டு வருடம் முந்திக்கொண்டது என்று பிள்ளைகளிடம் சொன்னால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

சரி, இதையெல்லாம் ரவூப்பில் பார்க்க முடியுமா? அங்கேதான் சிக்கல். டிக்கெட் கொடுத்து உள்ளே இறங்கும் சுரங்கப் பாதை ஒன்றும் புக்கிட் கோமானில் கிடையாது. சுரங்க நிலம் தனியார் நிலம், வேலி இருக்கும். பழைய குழிகளில் தண்ணீர் நிற்கும், விளிம்பு எப்போது சரியும் என்று சொல்ல முடியாது. படம் பிடிக்கிற ஆசையில் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவே கூடாது. ஊருக்குள் பழைய கடைவீட்டு வரிசைகள் இருக்கின்றன, ஐந்தடி நடையோடு. சீனர் குடியிருக்கும் புக்கிட் கோமான் கிராமம் இருக்கிறது. பகல் சாப்பாட்டுக்கு ரவூப்பின் பேர்போன மீன் தலைக் கறி இருக்கிறது, அதுவும் நம்மவர் கைப்பக்குவம். வழிகாட்டி இல்லாமல் நீங்களே போனால் இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்து, மீன் தலைக்காக வந்தோமா தங்கத்துக்காக வந்தோமா என்ற சந்தேகத்தோடு பஸ் ஏறுவீர்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு தங்கை கேட்டது நியாயம்: “அண்ணே, சுரங்கம் காட்டுறோம்னு சொல்லிட்டு வேலியைக் காட்டினா பிள்ளைங்க சும்மா விடுமா?”

அதே ஊரை உள்ளூர் ஆள் ஒருவரோடு பார்த்தால் நிலைமை தலைகீழ். வேலிக்கு வெளியே நின்றுகொண்டே எந்தப் பக்கம் எது இருந்தது என்று அவர் கையைக் காட்டிச் சொல்லும்போதுதான் அந்த மேட்டுக்கும் பள்ளத்துக்கும் அர்த்தம் வருகிறது. ஊர்க்காரர் வாயிலிருந்து கேட்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. பழைய சுரங்கக் கழிவு மண்ணில் மிச்சமிருந்த தங்கத்தைச் சயனைடு வைத்துப் பிரிக்கும் ஆலை 2009-இல் இந்தக் கிராமத்துக்குப் பக்கத்தில் ஓடத் தொடங்கியது. தோல் அரிக்கிறது, கண் எரிகிறது என்று கிராமத்தார் முறையிட்டார்கள். குழு அமைத்துப் போராடினார்கள். நீதிமன்றப் படியும் ஏறினார்கள், வழக்கு அவர்களுக்குச் சாதகமாக முடியவில்லை. 1889-இல் ஆரம்பித்த கதை நம் காலம் வரை நீண்டதை எந்தத் தகவல் பலகையும் இப்படிச் சொல்லாது. தோட்டத்தில் களைக்கொல்லி மருந்து அடித்து வளர்ந்த நமக்கு அந்தக் கிராமத்தாரின் பேச்சு விளங்கிக்கொள்ளக் கஷ்டமாக இருக்காது.

வழிகாட்டியை எப்படிப் பிடிப்பது என்பதில் கவனம் வேண்டும். மலேசியாவில் காசு வாங்கிக்கொண்டு சுற்றுலா வழிகாட்டுபவர் சுற்றுலா அமைச்சின் உரிமம் வைத்திருக்க வேண்டும். 1992-ஆம் ஆண்டுச் சட்டம் அது. நகர வழிகாட்டிக்கு நீல அட்டை, காடு மலை போன்ற இடங்களுக்கான வழிகாட்டிக்குப் பச்சை அட்டை. கழுத்தில் அட்டை தொங்குகிறதா என்று பாருங்கள். கோலாலம்பூரிலிருந்து உரிமம் உள்ள ஒருவரை அழைத்து வருவது ஒரு வழி. தமிழ் பேசுபவரும் கிடைப்பார். ஆனால் அவருக்கு ரவூப் வெறும் ஊர்ப்பெயராக மட்டும் தெரிந்திருந்தால் நீங்கள் வலைத்தளத்தில் படித்ததையே அவர் உங்களுக்குப் படித்துக் காட்டுவார். முன்பணம் கொடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி போதும்: “செம்பாம் பத்தி என்ன சொல்லுவீங்க?” தடுமாறினால் வேறு ஆளைப் பாருங்கள். இன்னொரு வழி, ஊரில் தெரிந்த குடும்பம் மூலமாக அங்கேயே பிறந்து வளர்ந்த பெரியவர் யாரையாவது நட்பாகக் கூட வரச் சொல்வது. அவர் மலாயில் பேசுவார், இடையிடையே சீனமும் வரும். நம்மில் ஒருவர் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தால் பாட்டிமார்களுக்கும் பிரச்சினை இல்லை. எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது. ஒரு குறை, நாற்பது பேருக்கு இது நடக்காது. ஒருவர் பேசுவது பத்துப் பேருக்குக் கேட்கும். பதினைந்தாவது ஆள் செல்பேசியை எடுத்துவிடுவார்.

ரவூப் போகிறவர்கள் கூடவே கோலா லிப்பிஸையும் சேர்க்கலாமா என்று கேட்டார்கள். மேற்கொண்டு ஒரு மணி நேர ஓட்டம். 1898 முதல் 1955 வரை பகாங்கின் தலைநகர் அதுதான். குன்றின் மேல் மாவட்ட அலுவலகம், 1913-இல் ஆரம்பித்த கிளிஃபர்ட் பள்ளி, மரத்தாலான பகாங் கிளப், பழைய ரயில் நிலையம் என்று வெள்ளைக்காரன் விட்டுப்போனவை வரிசையாக நிற்கின்றன. கட்டடம் பார்க்கப் பிடித்தவர்களுக்கு ரவூப்பைவிட லிப்பிஸ் நல்ல ஊர், வழிகாட்டி இல்லாமலே சமாளிக்கலாம். பக்கத்துப் பென்ஜோமில் இந்தக் காலத்திலும் தங்கம் எடுத்திருக்கிறார்கள், ஆனால் அது வேலை நடக்கிற இடம். சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். பெண்பிள்ளைகளுக்குச் பாடகி சித்தி நூர்ஹலிசா வளர்ந்த ஊர் என்று சொன்னால் உடனே வருவார்கள். ஆனால் ஒரே நாளில் ரவூப்பும் லிப்பிஸும் என்றால் இரண்டும் அரைகுறையாகும். காலை ஆறு மணிக்குப் புறப்படுகிறேன் என்று சத்தியம் செய்கிற கூட்டத்தோடு மட்டும் இதை முயலலாம். அப்படி ஒரு கூட்டத்தை நான் இன்னும் பார்த்ததில்லை.

அடுத்தது சுங்கை லெம்பிங். அங்கே எடுத்தது தங்கமில்லை, ஈயம். ஆனால் சுரங்கம் என்ற சொல்லுக்கு மனதில் எழுகிற படம் இங்கேதான் அப்படியே கிடைக்கும். காராக்கிலிருந்து கிழக்குக்கரை நெடுஞ்சாலையில் குவாந்தான் பக்கம் போய், அங்கிருந்து உள்ளே நாற்பது கிலோமீட்டர். பஸ்ஸில் மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகாங் கன்சாலிடேட்டட் என்ற ஆங்கிலேயக் கம்பெனி 1906 முதல் நடத்திய சுரங்கம் இது. குடைந்த பாதைகளையெல்லாம் கூட்டினால் 322 கிலோமீட்டர் வரும் என்பது எல்லாரும் சொல்லும் கணக்கு. காராக்கிலிருந்து ஈப்போ போகிற தூரத்தைவிட நீளம். தரைக்குக் கீழே அறுநூறு மீட்டருக்கும் மேல் இறங்கியிருந்தார்கள். வசதியாக வாழ்ந்த ஊர், கிழக்கின் எல் டொராடோ என்று பட்டப்பெயர் வேறு.

அது விழுந்த விதமும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது. உலக நாடுகள் சேர்ந்து ஓர் அமைப்பு வைத்து ஈய விலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தன. விலை இறங்கினால் வாங்கிச் சேர்த்துவைப்பது, ஏறினால் விற்பது என்று ஏற்பாடு. 1985 அக்டோபரில் அந்த அமைப்பின் கையில் பணம் தீர்ந்தது. லண்டன் சந்தையில் ஈய வியாபாரமே நின்றது, விலை பாதியாகச் சரிந்தது. ஆழச் சுரங்கத்தில் கல்லை வெட்டி மேலே தூக்குகிற செலவு, வருகிற விலையைத் தாண்டிப் போனது. மறுவருடமே, 1986-இல், சுங்கை லெம்பிங் மூடப்பட்டது. ரப்பர் பால் விலை விழுந்து தோட்டம் கைமாறி, மரத்தை வெட்டிச் செம்பனை நட்டு, லயத்தைக் காலி பண்ணச் சொன்னதெல்லாம் நினைவிருக்கிறவர்களுக்கு அந்த ஊரில் நிற்கும்போது மேற்கொண்டு விளக்கம் வேண்டியிருக்காது.

இப்போது சுரங்கத்தின் ஒரு பகுதியைச் சீர்செய்து, விளக்குப் போட்டு, டிக்கெட் வைத்துத் திறந்திருக்கிறார்கள். சிறு ரயிலில் ஏற்றி அழைத்துப் போவார்கள், பிறகு நடை. உள்ளே குளிர்ச்சி. ஓரமாக ஓடும் தண்டவாளம், பாறை வெட்டின அடையாளம், வேலையாட்களின் உருவப் பொம்மைகள் எல்லாம் தாமே பேசிவிடும். வழிகாட்டி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை. சுரங்கத்தில் சுற்றி வந்த பிறகு, மேலதிகாரி குடியிருந்த பங்களாவில் அமைத்திருக்கும் அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம். துரை பங்களா எப்படி இருக்கும் என்று வெளிக்கதவோடு நின்றுவிட்ட நம் பெரியவர்கள் அங்கே உள்ளே போய் நாற்காலிவரை பார்த்துக்கொண்டிருப்பார்கள், நேரம் ஒதுக்கிவையுங்கள். முதலில் சுரங்கம், பிறகு அருங்காட்சியகம் என்ற வரிசையில் போவது நல்லது. தலைகீழாகப் போனால் பிள்ளைகள் கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் பொறுமை இழந்துவிடுவார்கள்.

சுங்கை லெம்பிங்கின் எதிரி மழை. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை கிழக்குக்கரையில் பருவமழை. அந்த ஊர் வெள்ளத்துக்குப் பேர்போனது. 1926-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தை இன்னும் சொல்கிறார்கள். ஆண்டிறுதியில் அங்கே பஸ் எடுத்துப் போக நான் சம்மதிக்க மாட்டேன், யார் சொன்னாலும். ஆண்டு நடுவில் போனால் இந்தப் பயம் இல்லை. ரவூப்புக்கு அந்த நடுவருட மாதங்களில் வேறு தொல்லை: டுரியான் பருவம். முசாங் கிங் வாங்க நாடே ரவூப்புக்குக் கிளம்பிவிடும். வார இறுதியில் பெந்தோங்–ரவூப் சாலையில் நெரிசல். அதோடு, பழத்தை ஏற்றினால் பஸ் ஓட்டுநர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பழத்துக்காகவே போகிறோம் என்று ஒப்புக்கொண்டு வேனில் போகிறவர்கள் மட்டும் அந்த மாதங்களில் ரவூப்பைத் தேர்ந்தெடுக்கலாம்.

கின்தா பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்களுக்கு அது ஒருநாள் பயணமாக ஒத்துவராது. போகவே நான்கு மணி நேரம் ஆகும். ஆனால் இரவு தங்க முடிகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஜோடி கிடையாது. பத்து காஜாவுக்குத் தெற்கே தஞ்சோங் துவாலாங்கில் ஐந்தாம் எண் ஈயக்கப்பல் நிற்கிறது. 1938-இல் கட்டியது, 4,500 டன் எடை, 1982 வரை குளத்தில் மிதந்தபடியே அடிமண்ணை வாரி வாரி ஈயத்தைப் பிரித்தது. வழிகாட்டி கூட வந்து ஒவ்வொரு தட்டாக ஏற்றிக் காட்டுவார். இங்கே வழிகாட்டி கட்டாயம் வேண்டும், அந்த இயந்திரக் காட்டில் எது எதற்கு என்று நமக்குப் புரியாது. படிகள் செங்குத்து, முட்டிவலிக்காரர்கள் கீழேயே நின்று பார்த்துக்கொள்ளலாம்.

அதே நாளில் கெல்லி மாளிகை. ஸ்காட்லாந்திலிருந்து வந்து ரப்பர் தோட்டத்தில் பணம் சேர்த்த வில்லியம் கெல்லி ஸ்மித் 1915-இல் கட்டத் தொடங்கி, 1926-இல் லிஸ்பனில் இறந்துபோனதால் முடியாமல் நின்றுவிட்ட மாளிகை. கட்டியது மதராஸிலிருந்து வந்த நம் ஆட்கள். வேலையாட்கள் காய்ச்சலில் கொத்துக்கொத்தாக விழுந்தபோது அம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று கேட்டு, அவர் கட்டிக்கொடுத்த மாரியம்மன் கோயில் கொஞ்சத் தூரத்தில் இருக்கிறது. கூரையில் சாமிகளுக்கு நடுவே வெள்ளை உடையில் நிற்கும் உருவம் துரைதான் என்பார்கள். பெரும்பாலான சுற்றுலாப் பஸ்கள் மாளிகையோடு திரும்பிவிடுகின்றன. பேய்க்கதை கேட்டதோடு சரி. நம்மவர்கள் கோயிலைப் பார்க்காமல் வந்தால் பாதிதான் பார்த்ததாக அர்த்தம்.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எங்களுக்கு முடிவு கஷ்டமாக இல்லை. பிள்ளைகளும் பெரியவர்களுமாக ஒரு முழு பஸ் போவதென்றால் சுங்கை லெம்பிங்தான், அதுவும் ஆண்டு நடுவில், வெயில் மாதத்தில். மூன்று மணி நேரம் உட்கார்ந்து போனதற்குப் பிள்ளைகள் கேட்ட சுரங்கம் கிடைக்கும். ரவூப்பை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் அது பஸ்ஸுக்கான ஊரே இல்லை. ஒரு வேன், பத்துப் பேர், கேட்கும் பொறுமை உள்ளவர்கள், டுரியான் இல்லாத மாதம், கூட ஒரு ஊர்க்காரர். இந்த ஐந்தும் சேர்ந்தால் நான் மூன்றில் முதலிடம் ரவூப்புக்குத்தான் கொடுப்பேன். சேரவில்லையென்றால் வெறும் மீன் தலைக் கறிக்காகப் போய் வாருங்கள், அதிலும் தப்பில்லை.

பெரியவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. “தங்கத்தச் சொன்னா ஈயத்தக் காட்டுறீங்க” என்கிறார். அவருக்கு வேனில் ஒரு இடம் ஒதுக்கியாயிற்று, பஸ்ஸிலும் ஒன்று.

போகிறவர்களுக்கு இன்னும் சில: மைகார்டை (அடையாள அட்டையை) எல்லாரும் எடுத்துவாருங்கள், பல இடங்களில் குடிமக்களுக்குக் கட்டணம் குறைவு. சுரங்கமோ ஈயக்கப்பலோ, முந்தின நாள் போன் பண்ணித் திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்; பராமரிப்பு என்று சொல்லி மூடுவது வழக்கம்தான். சுரங்கத்துக்குள் போகிற அன்று செருப்பு வேண்டாம், சப்பாத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பாட்டிமார்களுக்கு ஒரு ஸ்வெட்டர்.